கொரியப் போரும் கலைஞர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரிய சீரியல்கள் வழியாகக் கொரியாவைத் தெரிந்துகொண்டவர்கள் தமிழில் இப்போது ஏராளம். ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ பார்த்துவிட்டு, இந்த வடக்கு-தெற்கு எல்லைக் கதையெல்லாம் எங்கே தொடங்கியது என்று கேட்கிறார்கள். ஓவியம், இலக்கியம் பக்கமிருந்து வருகிறவர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். எல்லாவற்றையும் தொடப்போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுகிற இடங்களில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன்.

இந்தக் கலையைப் புரிந்துகொள்ளப் போரைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

அதிகம் வேண்டாம். 1945-ல் ஜப்பானிய ஆட்சி முடிந்ததும் கொரியாவை 38-வது அட்சக்கோட்டில் பிரித்து, வடக்கைச் சோவியத் யூனியனும் தெற்கை அமெரிக்காவும் எடுத்துக்கொண்டன. 1948-ல் இரண்டு அரசுகள் பிறந்தன. 1950 ஜூன் 25 அன்று வடகொரியப் படை தெற்கே இறங்கியது. மூன்றே நாளில் சியோல் விழுந்தது. செப்டம்பரில் இன்ச்சோன் துறைமுகத்தில் அமெரிக்கப் படை வந்து இறங்க, போர் வடக்கே நகர்ந்தது. அக்டோபரில் சீனா உள்ளே வந்தது, போர் மறுபடி தெற்கே வந்தது. கடைசி இரண்டு வருடமும் ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே நின்று அடித்துக்கொண்டார்கள். 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி ஒப்பந்தம் இன்றுவரை இல்லை.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: சியோல் நகரம் நான்கு முறை கைமாறியது. ஒவ்வொரு முறை கைமாறும்போதும் ‘நீ அவர்களுக்கு வேலை செய்தவன்தானே’ என்று பழிவாங்கல் நடந்தது. போஸ்டர் வரைந்துகொடுத்த ஓவியன்கூடத் தப்பவில்லை. கொரியக் கலைஞர்கள் ஏன் இப்படி வரைந்தார்கள், ஏன் அப்படி எழுதினார்கள் என்ற கேள்விகளில் பாதிக்கு இங்கேயே பதில் இருக்கிறது.

கொரியப் போர் ஓவியம் என்றால் பிக்காசோ வரைந்ததுதானே?

உலகப் புகழ்பெற்றது அதுதான். ‘கொரியாவில் படுகொலை’, 1951 ஜனவரியில் வரைந்தது. இடப்பக்கம் நிர்வாணமான பெண்களும் குழந்தைகளும் நிற்கிறார்கள். பெண்களில் சிலர் கர்ப்பிணிகள். ஒரு சிறு பிள்ளை நடப்பது எதுவும் தெரியாமல் தரையில் குனிந்து விளையாடிக்கொண்டிருக்கிறது. வலப்பக்கம் இரும்புக் கவசம் அணிந்த சிப்பாய்கள் துப்பாக்கி நீட்டுகிறார்கள். இந்த அமைப்பு, ஸ்பெயினில் நெப்போலியனின் படை நடத்திய மரண தண்டனையைக் கோயா வரைந்த ‘1808 மே 3’ ஓவியத்திலிருந்து வந்தது.

இதில் வேடிக்கை, இந்தப் படம் யாருக்குமே பிடிக்காமல் போனதுதான். பிக்காசோ 1944 முதல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். ஆனால் சிப்பாய்கள் அமெரிக்கர்கள்தான் என்று தெளிவாகக் காட்டவில்லையே என்று கட்சிக்கு வருத்தம். மறுபக்கத்தாருக்கோ இது சுத்தமான கம்யூனிஸ்ட் பிரச்சாரம். தென்கொரியாவில் அவர் பெயரைச் சொல்வதே சிக்கலாக இருந்த காலம் உண்டு. 1969-ல் ‘பிக்காசோ’ என்று பெயர் வைத்துக் கிரேயான் விற்றதற்காக ஒரு தயாரிப்பாளர்மீது கம்யூனிச எதிர்ப்புச் சட்டம் பாய்ந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரையும் மெழுகு கிரேயான்! இந்த ஓவியம் சியோலில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது 2021-ல், வரைந்து எழுபது வருடம் கழித்து.

என் அபிப்பிராயம் கேட்டால், இது போரைக் கண்டிக்கும் நல்ல ஓவியம், ஆனால் கொரியாவைப் பற்றிய ஓவியம் என்று சொல்ல மாட்டேன். தலைப்பை எடுத்துவிட்டால் அதில் கொரியா இல்லை. முகங்களோ, நிலமோ, வீடோ எதுவும் அந்த ஊருடையதல்ல. கொரியர்கள் என்ன வரைந்தார்கள் என்று பார்க்க வேறு பக்கம் போக வேண்டும்.

சரி, போர் நடந்தபோது கொரிய ஓவியர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

பெரும்பாலோர் அகதிகளாகத் தெற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். தென்கோடித் துறைமுகமான பூசானில் தற்காலிகத் தலைநகரம் அமைந்தது. ஓவியர், எழுத்தாளர், பாடகர் எல்லோரும் அங்கே வந்து குவிந்தார்கள். ராணுவத்தோடு சேர்ந்து வரைந்த ஓவியர் குழுக்களும் இருந்தன. அந்தக் கணக்கில் வந்த படங்களில் பல இன்று யாருக்கும் நினைவில்லை.

நினைவில் நிற்பது கிம் வான்-கி 1951-ல் வரைந்த ‘அகதிகள் ரயில்’. சின்னப் படம்தான். ரயில் பெட்டிகளில் மனிதர்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். ஒருவருக்கும் கண், மூக்கு இல்லை, வரிசை வரிசையாக வட்டத் தலைகள் மட்டும். நிறங்கள் மட்டும் பளிச்சென்று, ஏதோ திருவிழாவுக்குப் போகிற வண்டிபோல் இருக்கும். இவர்தான் பிற்காலத்தில் நியூயார்க்கில் குடியேறி, பெரிய நீலப் பரப்பில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் வைத்து உலகப் பெயர் வாங்கினார். அந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ரயில் பெட்டித் தலைகள் ஞாபகம் வரும். அவர் அப்படி நினைத்துத்தான் வைத்தார் என்று சொல்லவில்லை, என் மனதுக்குப் பட்டது அவ்வளவே.

சிகரெட் பெட்டித் தாளில் வரைந்தவர் என்று ஒருவரைச் சொல்கிறார்களே?

லீ ஜுங்-சோப். இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம்.

1916-ல் இப்போதைய வடகொரியப் பகுதியில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். ஜப்பானில் ஓவியம் படித்தார். அங்கே சந்தித்த யமமோட்டோ மசாகோ என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். 1950 டிசம்பரில் வோன்சான் நகரிலிருந்து மனைவி, இரண்டு மகன்களோடு தெற்கே வந்தார். ஊரில் வரைந்தவற்றைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தார். அவற்றையும் தாயையும் பிறகு பார்க்கவே இல்லை. 1951-ல் ஜேஜு தீவின் சோக்விப்போ என்ற கடலோர ஊரில் ஒருவர் வீட்டில் ஒண்டிக்கொள்ள இடம் கிடைத்தது. ஐந்து சதுர மீட்டர்கூட இல்லாத அறை, நான்கு பேர். கடற்கரையில் நண்டு பிடித்துத் தின்றார்கள். அவர் வாழ்க்கையிலேயே சந்தோஷமான காலம் அதுதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். படங்களைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது: அம்மணக் குழந்தைகள், மீன்கள், நண்டுகள், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றன.

கேன்வாஸ் வாங்கக் காசில்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை எடுத்தார். கூர்மையான ஆணி போன்ற ஒன்றால் அதன்மேல் கோடு கீறினார். மேலே சாயத்தைப் பூசி, காய்வதற்குள் துணியால் துடைத்துவிடுவார். கீறிய பள்ளத்தில் மட்டும் சாயம் தங்கும், மற்ற இடம் பளபளப்பாகவே இருக்கும். கொரியாவில் பழங்காலத்துப் பீங்கான்களில் கீறிச் சாயம் பதிக்கும் வேலைப்பாடு உண்டு. அதே கையோட்டம் உள்ளங்கையளவு குப்பைத் தாளில் வந்து சேர்ந்தது.

1952-ல் வறுமை தாங்காமல் மனைவியும் பிள்ளைகளும் ஜப்பான் போனார்கள். அடுத்த வருடம் இவர் போய்ச் சில நாட்கள் பார்த்துவிட்டுத் திரும்பினார். அதற்கப்புறம் சந்திப்பே இல்லை. அந்தக் காலத்தில் அவர் எழுதிய கடிதங்களில் எழுத்தைச் சுற்றிப் படம் இருக்கும். மாட்டு வண்டியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு தெற்கே வெயில் நாட்டுக்குப் போவதுபோல ஒரு படம், நால்வரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு படம். மகன்களுக்குத் தனித்தனியாக ஒரே மாதிரி படம் வரைந்து அனுப்புவார், சண்டை வரக் கூடாதென்று. 1955 ஜனவரியில் சியோலில் கண்காட்சி வைத்தார். விற்றால் ஜப்பான் போகலாம் என்பது கணக்கு. படம் வாங்கியவர்களில் பலர் பணம் தரவில்லை. மனம் உடைந்தது, சாப்பாட்டை நிறுத்தினார். 1956 செப்டம்பரில் சியோல் மருத்துவமனையில், அருகில் யாருமில்லாமல் இறந்தார். வயது நாற்பது. அதே வருடம் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய ஈயத்தாள் படங்களில் மூன்றைச் சேர்த்துக்கொண்டது. ஒரு அமெரிக்க அதிகாரி வாங்கிக் கொடுத்தவை. மசாகோ மறுமணம் செய்துகொள்ளாமல் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2022-ல் காலமானார்.

இத்தனையிலும் ஒரு துப்பாக்கி கிடையாது. அவர் வரைந்த காளைகளில் வேண்டுமானால் கோபம் தெரியும்: எலும்பு துருத்திய வெள்ளைக் காளை, தலையைத் தாழ்த்திக்கொண்டு முட்ட நிற்கும்.

அமெரிக்க ராணுவக் கடையில் படம் வரைந்து பிழைத்த ஓவியர் யார்?

பார்க் சூ-கியுன். சியோலில் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் கட்டடம் ஒன்று போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கான கடையாக மாறியிருந்தது. ஊரில் இருக்கும் காதலியின் போட்டோவைச் சிப்பாய் நீட்டுவான், இவர் அதைப் பார்த்துத் துணியில் படமாக வரைந்து கொடுப்பார். அதே கடையில், சிப்பாய்களைக் கூப்பிட்டு ஆர்டர் பிடிக்கும் வேலையில் ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். இருபது வருடம் கழித்து அவள் எழுதிய முதல் நாவல் அந்தக் கடையையும் அந்த ஓவியரையும் பற்றியது: பார்க் வான்-சோவின் ‘இலையுதிர்ந்த மரம்’, 1970. பிறகு தென்கொரியாவின் மிகப் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவரானார்.

சூ-கியுனின் சொந்தப் படங்கள் சாயத்தை அடுக்கடுக்காகப் பூசிக் கருங்கல் பரப்புபோல் ஆக்கியவை. தலையில் கூடை சுமக்கும் பெண், முதுகில் தம்பியைக் கட்டிக்கொண்ட சிறுமி, இலையில்லாத மரம், இவைதான் திரும்பத் திரும்ப வரும். ஆண்கள் குறைவு. போர் முடிந்த ஊரில் அப்படித்தானே இருக்கும்.

போர்க்களத்தை வரையாமல் வீட்டையும் குழந்தையையும் வரைந்தது சோகத்தாலா, பயத்தாலா?

இரண்டும் உண்டு, ஆனால் பயத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. தென்கொரியாவில் 1948 முதல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, இன்னும் இருக்கிறது. 1961-ல் கம்யூனிச எதிர்ப்புச் சட்டமும் வந்து சேர்ந்தது. எதிரியை மனிதனாக வரைவதே குற்றம் என்று ஆகக்கூடிய நிலைமை. களத்தை வரைந்தால் எதிரியையும் வரைந்தாக வேண்டும், எதிரியோ பலருக்குச் சொந்த அண்ணன், தம்பி. அப்போது கலைஞனுக்கு மிஞ்சுவது வீடுதான். வீட்டைச் சொல்லும் சாக்கில் நாட்டைச் சொல்லலாம். கொரியக் கலையில் குடும்பம் இவ்வளவு கனமாக இருப்பதற்குப் பண்பாடு ஒரு காரணம் என்றால், சட்டம் இன்னொரு காரணம் என்பது என் எண்ணம்.

மூன்று பேரைச் சொல்கிறேன்.

லீ குவே-தே பெரிய பெரிய சுவர்ச் சித்திரம் போலக் கூட்டம் கூட்டமாக மனிதர்களை வரைந்தவர். நீல அங்கியும் தொப்பியுமாக, கையில் தூரிகையோடு அவர் வரைந்துகொண்ட சுயசித்திரம் கம்பீரமானது. 1950-ல் சியோல் வடக்கின் கையில் இருந்தபோது தப்பிக்க முடியாமல் அங்கேயே இருந்தார். பிறகு தெற்கின் கையில் சிக்கி, கோஜே தீவுப் போர்க்கைதி முகாமில் அடைபட்டார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, சக கைதி ஒருவருக்கு மனித உடற்கூறு வரையும் பாடத்தைத் தாளில் எழுதி, படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1953-ல் கைதிகள் பரிமாற்றத்தின்போது வடக்கைத் தேர்ந்தெடுத்தார். அன்றோடு தெற்கில் அவர் பெயரே இல்லாமல் போனது. மனைவி படங்களைச் சுருட்டி வீட்டுக்குள் ஒளித்து வைத்தார். 1988-ல் தடை நீங்கியபோது அவை வெளியே வந்தன. ஓவியர் 1965-லேயே இறந்திருந்தார்.

லீ மான்-ஹீ சினிமா இயக்குநர். 1963-ல் ‘திரும்பி வராத கடற்படை வீரர்கள்’ என்று தென்கொரியப் படையைப் பெருமைப்படுத்தும் போர்ப் படம் எடுத்து வெற்றி கண்டவர். இவர்மீதுகூடச் சந்தேகம் வந்தது. 1965-ல் எடுத்த ‘ஏழு பெண் கைதிகள்’ படத்தில், பெண்களைச் சீனச் சிப்பாய்களிடமிருந்து வடகொரிய வீரர்கள் காப்பாற்றுவதுபோல் காட்சி வைத்தார். வடகொரியனை நல்லவனாகக் காட்டியதாகக் கைது செய்தார்கள். படத்தை வெட்டி, பெயரை மாற்றித்தான் வெளியிட முடிந்தது.

மூன்றாவது ஷின் ஹாக்-சோல். போர் முடிந்து முப்பத்து நான்கு வருடம் கழித்து, 1987-ல் ‘நாற்று நடவு’ என்று ஒரு படம் வரைந்தார். கீழே உழவர்கள் டாங்கி, கோக்க கோலா மாதிரி குப்பைகளை எல்லாம் கடலுக்குத் தள்ளுகிறார்கள். மேலே மலை, ஓலை வீடு, அறுவடைக் கொண்டாட்டம். 1989-ல் அவரைக் கைது செய்தார்கள். மேலே இருப்பது வடக்கு, கீழே இருப்பது தெற்கு, ஆகவே இது வடகொரியப் புகழ்ச்சி என்பது அரசுத் தரப்பு வாதம். ஓலை வீட்டை, வடகொரியாவை நிறுவிய தலைவர் கிம் இல்-சுங் பிறந்த வீடு என்றார்கள். படத்தில் மேற்பக்கம் வடக்கு என்று நிலப்படத்தைப் படிப்பதுபோல் ஓவியத்தைப் படித்திருக்கிறார்கள்! கீழ் நீதிமன்றங்கள் விடுவித்தன, உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, 1999-ல் தண்டனை உறுதியானது. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-ல் ஓவியர் பக்கம் நின்றது. படம் பல காலம் அரசு வழக்கறிஞர் அலுவலகக் கிடங்கில் கிடந்து சேதமாகி, 2018-ல்தான் தேசிய அருங்காட்சியகக் காப்பறைக்குப் போனது.

வடகொரியாவில் எப்படி?

அங்கே போர்க்களத்துக்குக் குறைவே இல்லை. வடக்கின் வரலாற்றில் இது தாங்கள் ஜெயித்த போர். 1959-ல் தொடங்கிய மன்சுடே கலைக்கூடத்தில் ஓவியர்கள் அரசு ஊழியர்கள். மரபான மை, வண்ணம், தாளில் வரையும் பாணியை அவர்கள் தனியாக வளர்த்தெடுத்தார்கள். கிம் உய்-குவான் 1966-ல் வரைந்த ‘நம்காங் கிராமத்துப் பெண்கள்’ அதில் பேர்போனது: மாடுகளும் துப்பாக்கி ஏந்திய கிராமத்துப் பெண்களுமாக ஒரு படம். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது, மாட்டின் உடலில் மை பரவியிருக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் சந்தேகப்படும் ஒரு முகம், வெறுமனே களைத்துப்போன ஒரு முகம் அந்தப் படங்களில் கிடைக்காது.

1950 கடைசியில் சின்ச்சோன் என்ற இடத்தில் நடந்த படுகொலைக்கு வடக்கு ஒரு அருங்காட்சியகமே வைத்திருக்கிறது. எல்லாம் அமெரிக்கர்கள் செய்தது என்கிறது. உள்ளூர் வலதுசாரிகளும் இடதுசாரிகளும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டதுதான் பெரும்பகுதி என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். தென்கொரிய எழுத்தாளர் ஹ்வாங் சோக்-யோங் 2001-ல் எழுதிய ‘விருந்தாளி’ நாவல் இந்த இரண்டாவது கோணத்தில் போகிறது. செத்தவர்களின் ஆவிகள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் தரப்பைச் சொல்லும்.

சிறுகதை, நாவல் படிக்க விருப்பம். எதில் ஆரம்பிக்கலாம்?

ஹ்வாங் சுன்-வானின் ‘கொக்குகள்’ சிறுகதை, 1953. பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். எல்லைக் கிராமம். பால்ய நண்பர்கள் இருவர், ஒருவன் தெற்கின் காவல்காரன், மற்றவன் கை கட்டப்பட்ட கைதி. கூட்டிப்போகும் வழியில், சின்ன வயதில் கொக்கைக் கண்ணி வைத்துப் பிடித்தது நினைவுக்கு வருகிறது. காவல்காரன் திடீரென்று கயிற்றை அவிழ்த்து, ‘வா, கொக்கு பிடிக்கலாம்’ என்கிறான். தன்னைச் சுடத்தான் போகிறான் என்று கைதி முதலில் நினைக்கிறான். மேலே சொன்னால் கதை கெட்டுவிடும்.

யுன் ஹியுங்-கிலின் ‘அடைமழை’, 1973. ஒரே வீட்டில் இரண்டு பாட்டிகள். அம்மாவைப் பெற்றவளின் மகன் தெற்குப் படையில் செத்துப்போனான், அப்பாவைப் பெற்றவளின் மகன் மலையில் கெரில்லாக்களோடு இருக்கிறான். இருவரும் பேசிக்கொள்வதில்லை. மகன் இன்ன நாளில் வருவான் என்று குறிகாரன் சொல்ல, அந்த நாளில் வீட்டுக்குள் ஒரு பாம்பு வருகிறது. மகன்தான் செத்துப் பாம்பாக வந்திருக்கிறான் என்று அப்பாவைப் பெற்றவள் மயங்கி விழுகிறாள். மற்றப் பாட்டி, அந்தச் சம்பந்தியின் தலைமுடியை எரித்துப் புகை காட்டி, ‘வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே, போய் வா’ என்று பாம்பிடம் மரியாதையாகப் பேசி வழியனுப்புகிறாள். நம் கிராமத்துப் பாட்டிகளுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டியிருக்காது.

அப்புறம் சோய் இன்-ஹுனின் ‘சதுக்கம்’. இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. கதாநாயகன் தெற்கில் போலீசிடம் அடிபட்டு, வடக்கே போய், அங்கேயும் மனம் வெறுத்து, கடைசியில் போர்க்கைதியாகிறான். கைதிகளிடம் எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்கும் அறை. வடக்கின் அதிகாரி ஆசை காட்டுகிறார், தெற்கின் அதிகாரி நயமாகப் பேசுகிறார். இவன் ஒவ்வொரு கேள்விக்கும் ‘நடுநிலை நாடு’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறான். பிறகு இந்தியாவை நோக்கிப் போகும் கப்பல். அதன் பெயர் தாகூர். அவன் போய்ச் சேர்வதில்லை.

இது முழுக்கக் கற்பனை அல்ல. ஊர் திரும்ப மறுத்த கைதிகளைப் பொறுப்பேற்ற நடுநிலை நாடுகள் ஆணையத்துக்கு இந்தியா தலைமை வகித்தது, தலைவர் ஜெனரல் திம்மையா. காவலுக்குப் போன இந்தியப் படையின் முகாமுக்கு ஹிந்த் நகர் என்று பெயர். இரண்டு பக்கமும் வேண்டாம் என்ற 88 பேர் 1954-ல் இந்தியப் படையோடு கப்பலேறி வந்தார்கள். அவர்களில் 12 பேர் சீனர்கள். சிலர் இங்கேயே தங்கினார்கள், பெரும்பாலோர் பிரேசில், அர்ஜென்டினா என்று போய்விட்டார்கள். ‘சதுக்கம்’ வெளிவந்தது 1960 நவம்பரில். ஏப்ரலில் மாணவர் எழுச்சி சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்திருந்தது, அடுத்த மே மாதம் ராணுவப் புரட்சி வரப்போகிறது. இடையில் கிடைத்த ஒரே வருடத்தில் எழுதி, அச்சேற்றிவிட்டார் மனுஷன்.

சினிமாவில் கட்டாயம் பார்க்க வேண்டியவை?

எல்லோரும் சொல்வது ‘டேகுக்கி’, 2004. அண்ணன்-தம்பி கதை, ஒரு கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. அழுகை நிச்சயம். எனக்கு அதில் குண்டுச் சத்தம் கொஞ்சம் அதிகம்.

நான் முதலில் காட்டுவது பார்க் சான்-வூக்கின் ‘ஜே.எஸ்.ஏ.’, 2000. எல்லைக் காவலில் நிற்கும் இரண்டு தரப்பு வீரர்கள் இரவில் திருட்டுத்தனமாகக் கூடிச் சீட்டாடி, ‘சாக்லேட் பை’ (pie) என்ற இனிப்பைத் தின்று நண்பர்களாகிறார்கள். அந்த எல்லைக் காவல் இடமான பன்முன்ஜோமில் படம்பிடிக்க முடியாது என்பதால் அந்த இடத்தையே செட்டாகப் போட்டார்கள். கடைசி ஷாட்டைக் கவனியுங்கள். சுற்றுலா வந்த ஒருவர் எடுத்த சாதாரணப் போட்டோ. நால்வரும் அதில் ஆளுக்கொரு மூலையில், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருக்கிறார்கள். எடுத்தவருக்கு அது தெரியாது.

ஆனால் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருந்தால், அது யு ஹியுன்-மோக்கின் ‘இலக்கில்லாத குண்டு’, 1961. போர் முடிந்த சியோல், வடக்கிலிருந்து வந்தவர்களின் மேட்டுக் குடிசைப் பகுதி. கதாநாயகன் சொற்பச் சம்பளக் குமாஸ்தா. பல்வலி, பிடுங்கக் காசில்லை. தம்பி முன்னாள் வீரன், வேலையில்லை. தங்கை அமெரிக்கச் சிப்பாய்களோடு போகிறாள். மூலையில் படுத்திருக்கும் அம்மாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது, ‘போகலாம், போகலாம்’ என்று கத்திக்கொண்டே இருக்கிறாள். ராணுவ ஆட்சி வந்ததும் படத்தைத் தடை செய்தது. எங்கே போகச் சொல்கிறாள், வடக்கேயா என்பது அவர்கள் சந்தேகம்.

‘மேஷ்’ கொரியப் போரைப் பற்றியதுதானே?

இடம் கொரியா, பேசுவது அப்போது நடந்துகொண்டிருந்த வியட்நாம் போர். 1970-ல் அமெரிக்கப் படம், 1972 முதல் 1983 வரை தொலைக்காட்சித் தொடர். போர் நடந்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் அது ஓடியது. நகைச்சுவை நன்றாகவே இருக்கும். கொரியர்கள் அதில் பெரும்பாலும் பின்னணியில் நடந்துபோகிறவர்கள்.

சீனா என்ன எடுத்தது?

நிறைய. 1956-ல் வந்த ‘ஷாங்கன்லிங்’ படமும் அதிலுள்ள ‘என் தாய்நாடு’ பாட்டும் அங்கே தலைமுறைகளாகத் தெரிந்தவை. 2021-ல் ‘சாங்ஜின் ஏரிப் போர்’ பெரும் வசூல் கண்டது. வீரம்தான் விஷயம், வேறு கேள்விக்கு இடமில்லை.

புகைப்படங்களில் எவை முக்கியம்?

மாக்ஸ் டெஸ்போர் 1950 டிசம்பரில் எடுத்தது பலர் பார்த்திருப்பீர்கள்: குண்டில் உடைந்து ஆற்றில் சாய்ந்த பியோங்யாங் பாலத்தின் இரும்புச் சட்டங்களில் எறும்புபோல் மக்கள் தொற்றிக் கடக்கிறார்கள். புலிட்சர் பரிசு வாங்கியது. வெர்னர் பிஷோஃப் 1952-ல் கோஜே முகாமில் எடுத்த ஒரு படத்தில், மாதிரிச் சுதந்திர தேவி சிலைக்கு முன்னால் கைதிகள் அமெரிக்க நாட்டுப்புற நடனம் ஆடுகிறார்கள். லீ குவே-தே அடைபட்டிருந்த அதே முகாம்.

வெளிவராத படங்களுக்கும் வரலாறு உண்டு. பிரிட்டனின் ‘பிக்சர் போஸ்ட்’ இதழுக்காக ஜேம்ஸ் கேமரூனும் பெர்ட் ஹார்டியும் 1950-ல் பூசானில் தென்கொரிய அரசு தன் அரசியல் கைதிகளை நடத்திய விதத்தைப் பதிவு செய்தார்கள். முதலாளி அதை அச்சிட விடவில்லை. ஆசிரியர் டாம் ஹாப்கின்சன் பின்வாங்க மறுத்ததால் வேலை போனது.

என் தேர்வு இம் உங்-சிக் 1953-ல் சியோல் மியோங்டோங் கடைத்தெருவில் எடுத்தது. இளைஞன் ஒருவன் தொப்பியைக் கண் மறைய இழுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நிற்கிறான். கைகள் பாக்கெட்டில். வயிற்றில் கட்டிய அட்டையில் ‘வேலை தேவை’ என்று எழுதியிருக்கிறது. அவனுக்குப் பின்னால், நல்ல உடுப்பில் இரண்டு பேர் சிரித்துக் கைகுலுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரிந்த குடும்பங்கள் டிவியில் சேர்ந்த கதை உண்மையா?

உண்மை. 1983 ஜூன் 30 அன்று கே.பி.எஸ். தொலைக்காட்சி ஒரு சின்ன நிகழ்ச்சியாகத் தொடங்கியது. கூட்டம் தாங்காமல் நவம்பர் 14 வரை, மொத்தம் 453 மணி 45 நிமிடம் நேரலை போனது. 10,189 குடும்பங்கள் சேர்ந்தன. ‘என் அப்பாவுக்கு ஒரு கீதம்’ படத்தில் இந்தக் காட்சி வரும். அதைவிட இம் குவோன்-டேக்கின் ‘கில்சோத்தும்’ எனக்கு முக்கியம். 1980-களின் நடுவில், எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் விட்ட சூட்டோடு எடுத்தது. வசதியாக வாழும் பெண் தன் மகனாக இருக்கக்கூடியவனைக் கண்டுபிடிக்கிறாள். அவன் முரடன், ஏழை, நாய் அடிக்கிறவன். அவனை ஏற்க அவளுக்கு மனம் வரவில்லை, காரில் ஏறிப் போய்விடுகிறாள். அந்த நேரத்தில் இப்படிச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

போரைக் கண்ணால் பார்க்காத இன்றைய கலைஞர்கள் என்ன செய்கிறார்கள்?

ஹாம் கியுங்-ஆ செய்வது விசித்திரமான வேலை. சியோலில் வடிவம் வரைந்து, சீனாவிலும் ரஷ்யாவிலும் உள்ள தரகர்கள் வழியாக வடகொரியாவுக்கு அனுப்புகிறார். அங்கே கைவேலைப் பெண்கள் பட்டு நூலில் அதை எம்பிராய்டரி செய்கிறார்கள். செய்தவர்களை அவர் பார்த்ததே இல்லை. வழியில் பறிபோன துணிகளும் உண்டு. கண்காட்சியில் படத்துக்குப் பக்கத்தில் ‘பயன்படுத்திய பொருட்கள்’ என்று எழுதுவார்களே, அந்த இடத்தில் பட்டு நூல், பருத்தித் துணி என்பதோடு இடைத்தரகர், பதற்றம், தணிக்கை, சித்தாந்தம் என்றும் எழுதியிருப்பார். பெரிய வல்லரசு மாளிகைகளின் சரவிளக்கு சாய்ந்து விழுவதுபோல் வரும் வரிசை அவருடைய பெயர்பெற்ற வேலை. மேஜை போட்டு உட்கார்ந்து கொரியாவைப் பங்கு போட்டவர்களின் விளக்குகள் அவை.

சுன் மு வடக்கில் பிரச்சார ஓவியம் பயின்று, தப்பி வந்தவர். அது புனைபெயர். ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரக் கூடாதென்று முகத்தைக் காட்டுவதில்லை. அதே பளிச்சென்ற பிரச்சாரப் பாணியில், தலைவர்களைக் கிண்டலாக வரைகிறார். தெற்கில் கிண்டல் புரியாமல் போலீசைக் கூப்பிட்டவர்கள் உண்டு. 2014-ல் பெய்ஜிங்கில் அவர் கண்காட்சியைத் திறக்கவே விடவில்லை.

லீ புல், இடித்த எல்லைக் காவல் சாவடிகளின் இரும்பை உருக்கி ஒரு கோபுரம் செய்து 2019-ல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் வைத்தார்.

சியோல் போகிறேன். எதைப் பார்க்கலாம்?

யோங்சானில் உள்ள போர் நினைவகம், 1994-ல் திறந்தது. வெளியே ‘சகோதரர்கள் சிலை’ இருக்கும். விரிசல் விட்ட குவிமாடத்தின்மேல் தெற்குப் படை அண்ணனும் வடக்குப் படைத் தம்பியும் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். போர்க்களத்தில் நிஜமாகவே சந்தித்த இருவரின் கதை. அண்ணன் பெரிய உருவம், தோளில் துப்பாக்கி. தம்பி சின்ன உருவம், கையில் ஆயுதம் இல்லை, அண்ணாந்து பார்க்கிறான். அணைப்புதான், ஆனால் யார் யாரை மன்னிக்கிறார்கள் என்பதையும் சிற்பம் அளவு வைத்துச் சொல்லிவிடுகிறது. நேரமிருந்தால் ஜேஜு தீவில் லீ ஜுங்-சோப் இருந்த அறையையும் பாருங்கள், அதை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

பழைய கொரியப் படங்கள் எங்கே கிடைக்கும்?

கொரியத் திரைப்பட ஆவணக் காப்பகம் யூடியூபில் தன் பழைய படங்களை இலவசமாக, ஆங்கில சப்டைட்டிலோடு போட்டு வைத்திருக்கிறது. ‘இலக்கில்லாத குண்டு’ம் உண்டு. அந்தப் படத்தின் மூல நெகடிவ் தொலைந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ திரைப்பட விழாவுக்கு 1963-ல் அனுப்பிய பிரதி ஒன்றுதான் மிஞ்சியது. காட்சிமேலேயே ஆங்கில எழுத்து பதிந்த பிரதி அது. பிற்பாடு கணினியில் ஒவ்வொரு பிரேமாக அந்த எழுத்தை அழித்துச் சீரமைத்தார்கள். சீரமைத்த பிரதியைத் தேடிப் பாருங்கள், பழைய பிரதியில் ஒலி கரகரக்கும்.